அவள் பேரில் என் ரத்தம்

சாயங்காலம் ஆறு மணியானால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் ஒரு வீடு விடாமல் டிவி அலறும். அந்த இரைச்சலிலும் எனக்கு மட்டும் பக்கத்துக் காம்பராச் சுவரில் மூன்று தட்டு கேட்கும். "மதினி, போட்டாச்சா?" என்று ஒரு குரலும் கேட்கும். அந்த ஒற்றை அறைக் காம்பராவில் இப்போது யாரும் இல்லை. பூட்டுப் போட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே வள்ளென்று விழுகிற ஆள் நான். ஆனாலும் கேட்கிறது. "போட்டாச்சுடி" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குகிறேன்.

அவள் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை, எனக்கு நாத்தனார். நாத்தனார் என்றால் வாய் இருக்கத்தான் செய்யும், இவளுக்கு ரெண்டு வாய். புருசன் செத்த பிறகு, மகளைக் கொழும்புக்கு கார்மெண்ட் வேலைக்கு அனுப்பிவிட்டு, எங்களுக்கு அடுத்த காம்பராவில் தனியாக இருந்தாள். தனியாக என்று பேருக்குத்தான் சொல்கிறேன். லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. நான் இங்கே அரிசி களைந்தால் அவள் அங்கிருந்து "இன்னைக்கு என்ன கறி?" என்பாள்.

இரண்டு பேருக்கும் கோளாறு நெஞ்சில்தான். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் என் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டது. கண்டியில் நெஞ்சைப் பிளந்து உலோக வால்வு வைத்தார்கள். சத்தமில்லாத இடத்தில் உட்கார்ந்தால் அது டிக் டிக்கென்று அடிப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும். "எங்க மதினிக்கு வாட்ச் வாங்கிக் குடுக்கிற செலவே இல்ல" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அவளுக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கிற வியாதி. ஒரு தடவை வாய் கோணி, நாள் முழுக்கப் பேச்சுக் குழறி, அப்புறம் சரியாகிவிட்டது. உள்ளே ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்விடாமல் இருக்க இரண்டு பேருக்கும் ஒரே மருந்து கொடுத்தார்கள். வார்ஃபரின். ரத்தத்தை இளக்கி வைக்கிற மாத்திரை.

மற்ற மாத்திரைகளைப் போல இதை வாயில் போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. கொஞ்சம் குறைந்தால் ரத்தம் கட்டும். கொஞ்சம் கூடினால் எங்காவது கசியத் தொடங்கி நிற்காது. அதனால் மாதாமாதம் ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். என்று ஓர் எண்ணைப் பார்ப்பார்கள். அவளுக்கு அது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும், எனக்கு அதைவிடச் சற்று மேலே. எண்ணைப் பார்த்துத்தான் டொக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுப்பார்கள். எங்கள் கொப்பிகள் இரண்டும் ஒரே பொலித்தீன் பையில், எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். மலையில் கொழுந்து எடுக்கும்போது ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை, நிறை குறைகிறது என்றால், பக்கத்தில் எடுப்பவள் தன் கொழுந்தில் இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போடுவாள். கிள்ளியது யார் என்று தராசுக்குத் தெரியாது. மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா பார்த்தும் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஆபரேசனுக்குப் பிறகு என் கூடையில் அவள் போட்டிருக்கிறாள், வாய் கோணிய பிறகு அவள் கூடையில் நான் போட்டிருக்கிறேன். இதைக் கள்ளம் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. அந்த நினைப்புத்தான் என் புத்தியைக் கெடுத்தது.

அந்த வருடம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு அவள் பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தாள். வாய் நேரானதற்கு வைத்த நேர்த்தி. கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கிளினிக் தேதி சரியாக அதற்கு நடுவில் வந்து விழுந்தது. அதற்கு முந்தின நாள், காப்புக் கட்டி ஒரு வாரமான மஞ்சள் கயிற்றுக் கையோடு வந்து வாசலில் நின்றாள்.

"மதினி, கொப்பிய எடுத்துட்டுப் போங்க. மருந்த மட்டும் வாங்கிட்டு வந்துருங்க."

"ரத்தம் எடுக்காம மருந்து குடுப்பாங்களா? திருவிழா முடிஞ்சு போயேன்டி."

"அது வரைக்கும் மாத்திர பத்தாது. மூணு நாளைக்குத்தான் கெடக்கு. நீங்க வாயாடி வாங்கிருவீங்க. உங்களுக்கென்ன, மகராசி!"

அவள் மகராசி என்றால் நான் இளகிவிடுவேன், அது அவளுக்குத் தெரியும்.

விடிகாலை பஸ் பிடித்து தலவாக்கலை போய், அங்கிருந்து டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். நான் நினைத்த மாதிரியே நடந்தது. ரத்தம் எடுக்காமல் மருந்து இல்லை, ஆள் வர வேண்டும் என்று நர்ஸ் மிஸ் சிங்களத்தில் சொல்லிவிட்டார். நான் கெஞ்சிப் பார்த்தேன். அவர் சொன்னது நியாயம், நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் எனக்கு வந்தது கோபம். இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு போவதா என்று ஒரு வீம்பு.

முதலில் என் பேரில் இடது கையை நீட்டினேன். வெளியே வந்து ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்தேன். குல்லாவையும் எடுத்துவிட்டு, கொண்டையை அவிழ்த்துப் பின்னலாகப் போட்டு, அவள் கொப்பியைக் கொண்டுபோய் மற்றக் கொப்பிகளோடு வைத்தேன். அரை மணி நேரம் கழித்து அவள் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய், பக்கத்து மேசையில் இருந்த இன்னொரு மிஸ்ஸிடம் வலது கையை நீட்டினேன். சின்னக் குழாய்க்குள் என் ரத்தம் ஏறுவதையும் அதில் அவள் பேர் ஒட்டியிருப்பதையும் பார்த்தேன். அவள் கூடையில் இரண்டு கை கொழுந்து போட்ட மாதிரித்தான் இருந்தது. சிரிப்புக்கூட வந்தது எனக்கு.

மதியம் எண் வந்தது. எனக்கு ஒன்று தசம் ஆறு, அதாவது 1.6. அவளுக்கும் ஒன்று தசம் ஆறு. வேறு எப்படி வரும்? அவளுக்காக நான் உட்கார்ந்தது ஓர் இளம் டொக்டரம்மாவின் முன்னால். "மாத்திரை விடாமப் போடுறீங்களா?" என்று தமிழில் கேட்டார். "ஆமா டொக்டர்" என்றேன். என் நெஞ்சுக்குள் வால்வு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அது அவருக்குக் கேட்டுவிடுமோ என்று இருமினேன், சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடினேன். கூட்டம் நெரிந்த நாள். அவர் காதுக் குழாயை எடுத்து நெஞ்சில் வைத்திருந்தால் அந்த இடத்திலேயே பிடிபட்டிருப்பேன். பிடிபட்டிருக்கலாமே என்று எத்தனை நாள் நினைத்து அழுதிருக்கிறேன்! ரத்தம் போதிய அளவு இளகவில்லை என்று சொல்லி, தினமும் போடுகிற நீல மாத்திரையோடு பழுப்பு மாத்திரை இரண்டைக் கூட்டி எழுதினார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் நடித்துக் காட்டினேன். கொண்டையை அவிழ்த்தது, இருமியது எல்லாவற்றையும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப இன்னையிலருந்து நமக்கு ஒரே ரத்தம். இனி என்னய நாத்தனாக் கொடும பண்றான்னு சொல்ல ஏலாது" என்றாள். அன்று ஆறு மணிக்கே கூட்டிய மாத்திரையைப் போட்டுவிட்டாள்.

எங்கள் இருவருக்குள்ளும் அந்த நாட்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. காப்புக் கட்டியதிலிருந்து லயத்தில் கவுச்சி கிடையாது. நான் மூன்று வேளையும் வல்லாரைச் சம்பலும் முருங்கைக் கீரையுமாகத் தின்று தீர்த்தேன். கீரை திடீரென்று கூடினால் இந்த மருந்தின் வேலை குறையும். என் எண் இறங்கியது அதனால்தான். அவளோ ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற விரதம். சாயங்காலம் ஒரு கிண்ணம் பால்சோறு, ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். சாப்பாடு அப்படிக் குறைந்தால் அதே மருந்து இரட்டிப்பாக வேலை செய்யும். அவள் ரத்தம் ஏற்கெனவே அளவுக்கு மேல் இளகிக் கிடந்திருக்கும். அதன் மேல்தான் என் எண்ணை வைத்து மருந்தைக் கூட்டினோம். கீரையை விடச் சொல்லவில்லை, வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள், விரதம் இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள் என்று கிளினிக்கில் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார்கள். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்திருந்தோம்.

உடம்பு சொல்லாமல் இல்லை. பல் விளக்கும்போது ரத்தம் துப்பினாள். முழங்கையில் காரணமில்லாமல் நீலம் பாய்ந்தது. ஒரு நாள் மலையில் அட்டை கடித்த இடத்தில், அட்டை விழுந்து மணிக்கணக்கான பிறகும் ரத்தம் ஓடி, சப்பாத்து நனைந்துவிட்டது. இந்த மாத்திரை போடுகிறவர்களுக்கு அட்டைக்கடி சீக்கிரம் நிற்காதுதான், ஆனால் அன்றைக்கு நின்றபாடில்லை. "விரதச் சூடு" என்றாள் அவள். "சூடுதான்" என்றேன் நானும். அறிவு கெட்டவள், வேறென்ன சொல்ல?

திருவிழா அன்று நல்ல வெயில். பால்குடம் வருகிறவர்களின் காலில் வீட்டுக்கு வீடு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கோயில் படியெல்லாம் ஈரம். கடைசிப் படியில் அவள் சறுக்கி, பின்தலை படியில் இடிக்க உட்கார்ந்துவிட்டாள். குடம் சிந்தவில்லை. அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், "அம்மன் காப்பாத்திட்டா" என்று குலவை போட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுந்து போய்ப் பாலை ஊற்றினாள்.

மூன்று மணி இருக்கும், தலை வலிக்கிறது என்றாள். முகம் வெளுத்திருந்தது. நானும் வீட்டுக்காரரும் அவளைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனோம். டிஸ்பென்சரி ஐயா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கையைக் கழுவிவிட்டு ஓடி வந்தார். நல்ல மனிதர். திருவிழா நாள் என்று முகம் சுளிக்கவில்லை. விழுந்ததைக் கேட்டார், கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் கொப்பியைக் கேட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"வார்ஃபரின் போடுற ஆளு தலையில அடிபட்டா நான் யோசிக்காம லொறியில ஏத்திருவேன்" என்றார். பிறகு பக்கத்தைப் புரட்டினார். "ஆனா இதுல ஒன்று தசம் ஆறுதானே இருக்கு. ரத்தம் இளகவே இல்லையே. இவ்வளவு கொறைய என்ன காரணம்? மாத்திர விட்டீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இப்போதும் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லுங்க மதினி என்று சொன்னாளா, சொல்லாதீங்க மதினி என்று சொன்னாளா? ஒரு வாய்ச்சொல் போதும். அது என் ரத்தம் ஐயா, இவளுக்கு டெஸ்ட் எடுக்கவே இல்லை ஐயா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் கள்ளத்தனம் பண்ணினவள் என்று கிளினிக்கில் என் பேரை வெட்டிவிடுவார்களோ என்று பயம். திருவிழாக் கூட்டத்தில் ஊர் பூராவும் பரவிவிடுமே என்று வெட்கம். என் வாய் திறந்தது.

"விரதத்துல ஒண்ணு ரெண்டு நாள் விட்டிருப்பா, ஐயா."

அவர் தலையாட்டினார். ஒரு மணி நேரம் அங்கேயே படுக்க வைத்துப் பார்த்தார். பசியும் வெயிலுமாகத்தான் இருக்கும் என்று சொல்லி வலிக்கு இரண்டு பெனடோல் மாத்திரை கொடுத்தார். வாந்தி எடுத்தாலோ, தூக்கம் தெளியாமல் கிடந்தாலோ எந்த நேரமானாலும் தன்னைக் கூப்பிடச் சொன்னார். வீட்டுக்கு வந்து, களைப்பாக இருக்கிறது என்று படுத்தாள். திருவிழாக் களைப்புத்தானே என்று விட்டுவிட்டேன். காலையில் தேத்தண்ணி கொண்டுபோய் எழுப்பினேன். எழும்பவில்லை. மூச்சு மட்டும் குறட்டையாக வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் அவள் எண் எட்டைத் தாண்டியிருந்தது. தலைக்குள் ரத்தம் நிறைந்துவிட்டது என்றார்கள். ரத்தத்தை உறைய வைக்க ஊசி போட்டார்கள், என்னென்னவோ ஏற்றினார்கள். இரண்டாம் நாள் போய்விட்டாள். கையில் காப்புக் கயிறு அப்படியே இருந்தது. வார்டு டொக்டர் கொப்பியைத் திரும்பத் திரும்பப் பார்த்து, "ரெண்டு வாரத்துக்குள்ள இது எப்படி இவ்வளவு ஏறும்?" என்று கேட்டார். நானும் என் வீட்டுக்காரரும் சுவரோடு நின்றோம். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கிளினிக்குக்கு விடுவதில்லை. ஃபெக்டரியில் லீவு போட்டுவிட்டு வருவார். ரத்தம் எடுக்கும்போது தோளுக்குப் பின்னால் நின்று, குழாயில் ஒட்டிய பேரை எழுத்துக் கூட்டி வாசிப்பார். கீரை என்ன கிழமை, எவ்வளவு என்று கலண்டரில் கோடு போடுவார். இடுப்பு வலிக்கு நான் கடையில் மாத்திரை வாங்கி வந்தால், இந்த மருந்தோடு அது ஆகாது என்று பிடுங்கிக்கொள்வார். தங்கச்சியைப் பறிகொடுத்த பயம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மனிதர் அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்யச் செய்ய, எனக்குச் சோறு இறங்காது.

டிஸ்பென்சரி ஐயா இரண்டு மாதத்தில் மாற்றம் கேட்டுப் போய்விட்டார். போகிற அன்று எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார். என் வீட்டுக்காரருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கே நான் அனுப்பியிருக்கணும். அந்த நம்பரப் பாத்து ஏமாந்துட்டேன், மன்னிச்சிருங்க" என்று அழுதார். அவருக்கு நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி அளவு கேட்டேன். பாவி, அதைக் கேட்க எனக்கு வாய் வந்தது.

இப்போது உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறாராம். அங்கே கல்யாணம் கட்டிப் போன எங்கள் லயத்துப் பெண் தீபாவளிக்கு வந்தபோது சொன்னாள். சின்னத் தலைவலி என்று போனாலும் உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுகிறாராம். அங்குள்ளவர்கள் அவருக்கு "பயந்த ஐயா" என்று பட்டம் வைத்துச் சிரிக்கிறார்களாம். அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அந்த மனிதருக்குக் கடிதம் எழுதி எழுதிக் கிழித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒன்றை முழுசாக எழுதி முடித்தேன். தபாலில் போடும் முன்னால் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டும், அவர் தங்கச்சி அவள். அடித்தால் அடிக்கட்டும் என்று வாசலில் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். இரண்டு கையையும் நீட்டியது, இருமியது, கொப்பியில் இருந்தது என் எண் என்பது, டிஸ்பென்சரியில் சொன்ன பொய் எல்லாம் அதில் இருந்தது. "இது என்னைத் தவிர உயிரோடு இருக்கிற யாருக்கும் தெரியாது, ஐயா" என்று முடித்திருந்தேன்.

அவர் கடிதத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கடைசி வரிய வெட்டு" என்றார்.

"ஏன்?"

"நீ வந்த அன்னைக்கே அவ எங்கிட்ட சொல்லிட்டா. மதினி எனக்காக ரெண்டு கையிலயும் குத்து வாங்கிட்டு வந்துச்சுண்ணேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா." "ஐயா கேக்கிறப்ப நீ சொல்லுவன்னு பாத்தேன். நீ வேற மாதிரி சொல்லிட்ட. பெறகு ஒன்னக் காட்டிக் குடுக்க எனக்கு மனசு வரல புள்ள."

பேனாவை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"அன்னைக்கு அந்த ரூம்ல ஒங்களத் தவிர எல்லாருக்கும் தெரியும்னு எழுது" என்றார். "கீழ எம்பேரையும் போடு."